முதல் தனிப்பயணம்



விடியற்காலையில் மத்தூர்ப் பேருந்து நிறுத்தத்தில் சிறிது நேரம் நின்று பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வந்து கிருஷ்ணகிரிக்குச் செல்லும் வண்டிகளில் ஏறுகின்ற இளைஞர்களை இரு வகையாகப் பிரித்துவிடலாம். ஒரு வகையினர் வண்டியின் பெயர்ப்பலகையைப் பார்த்து, நடத்துநரிடம் ஒரு சொல் கேட்டு, ஏறி அமர்ந்துவிடுவர். மற்றொரு வகையினர் தந்தையின் முகத்தையோ மாமனின் முகத்தையோ பார்த்தபடி நிற்பர். 'ஏறு' என்றால் ஏறுவர். 'இறங்கு' என்றால் இறங்குவர். இவ்விரு வகையினருக்கும் அறிவில் வேற்றுமை இல்லை. வகுப்பில் முதலிடம் பெறுபவர் இரண்டாம் வகையில் நிற்பதை நான் பன்முறை கண்டிருக்கிறேன். வேற்றுமை ஒன்றே ஒன்றுதான். முதல் வகையினர் ஒரு முறையேனும் தனியே போய் வந்திருக்கின்றனர்.

மத்தூரிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பிறந்த பிள்ளைகளுக்குப் பயணம் என்பது பொழுதுபோக்கு அன்று. கல்லூரிக்குக் கிருஷ்ணகிரி செல்ல வேண்டும். தொழிற்சாலை வேலைக்கு ஓசூர் செல்ல வேண்டும். அதற்கும் அப்பால் எல்லையைக் கடந்து பெங்களூர் செல்வோரும் பலர். ஆகவே, பள்ளிப் படிப்பு முடியும் பருவத்தில் இருப்பவர்களுக்கு நான் கூற விரும்புவது இதுதான்: உங்கள் முதல் தனிப்பயணம் உங்கள் வாழ்க்கையை முடிவு செய்யும் பயணமாக இருக்கக் கூடாது. அதற்கு முன்னரே, இழப்பதற்கு ஒன்றுமில்லாத ஒரு சிறு பயணத்தைத் தனியே சென்று வாருங்கள்.

இதை நான் நூல்களிலிருந்து கற்கவில்லை, பட்டுக் கற்றேன். நான் பட்டப்படிப்பை முடித்த ஆண்டு 1979. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் எழுத்தர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கு வருமாறு எனக்கு அழைப்பு வந்தது. காலை பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். எங்கு சென்றாலும் உடன் வருகின்ற என் தாய்மாமன் அன்று காய்ச்சலில் படுத்துவிட்டார். தந்தையார் என்னை மத்தூரில் வண்டி ஏற்றிவிட்டார். கிருஷ்ணகிரி நிலையத்தில் இறங்கினேன். 'ஓசூர்' என்று எழுதிய ஒரு வண்டி புறப்படத் தயாராக நின்றது. ஓடிச் சென்று ஏறிக்கொண்டேன். பலகையின் கீழ்வரியில் 'வழி: இராயக்கோட்டை' என்று எழுதியிருந்ததை நான் பார்க்கவில்லை. சூளகிரி வழியாக நேர்ச்சாலையில் செல்லும் வண்டி அன்று அது. இராயக்கோட்டை, கெலமங்கலம் என்று ஒவ்வோர் ஊராக நின்று சுற்றிச் செல்லும் வண்டி.

பாதி வழியில் எனக்கு ஐயம் தோன்றியது. ஆயினும் வாய் திறக்கவில்லை. பட்டம் பெற்றவன் வழி தெரியாமல் கேட்பதா என்ற வெட்கம்! என் அருகே அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், நான் அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைக் கண்டு, "ஏன் தம்பி, அவசரமாய்ப் போகணுமா? இந்த வண்டி சுத்திக்கிட்டுத்தானே போகும். ஏறும்போதே ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். நான் தொழிற்சாலை வாயிலை அடைந்தபோது தேர்வு முடிந்துவிட்டிருந்தது. வீட்டிற்கு வந்து, வண்டி வழியில் பழுதாகிவிட்டது என்று தந்தையாரிடம் பொய் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "வழியில் யாரையாவது கேட்டாயா?" என்று மட்டும் வினவினார். நான் தலை குனிந்தேன்.

அடுத்த வாரம் அவர் என் கையில் பதினைந்து ரூபாயைக் கொடுத்து, "ஓசூருக்குப் போய்விட்டு வா" என்றார். என்ன வேலை என்று கேட்டேன். "வேலை ஒன்றும் இல்லை. போய், ஊரைப் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் வா" என்றார். அவர் எழுத்தறியாத உழவர். ஆயினும், ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பின்னாளில் நான் கற்ற கல்வி முறைகள் பலவற்றைவிட அந்த ஒரு நாள் எனக்கு மிகுதியாகக் கற்பித்தது. அன்று நான் எல்லாரையும் கேட்டேன். நடத்துநரைக் கேட்டேன், பூ விற்பவரைக் கேட்டேன். சந்திரசூடேசுவரர் கோயில் கொண்டுள்ள குன்றின்மீது ஏறி நின்று, கீழே விரிந்து கிடந்த ஊரைப் பார்த்தேன். ஒரு வாரத்திற்கு முன் என்னை அச்சுறுத்திய ஊர் அன்று எனக்கு ஒரு படம்போல் விளங்கியது. நிலையம் எங்கே, சாலை எங்கே, தொழிற்பேட்டை எத்திசையில் என்பதெல்லாம் கண்ணுக்குப் புலனாயின.

நிற்க. இச்சிறு பயணம் ஏன் பயன் தருகிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

நீந்தக் கற்பவனை வெள்ளம் பெருகும் ஆற்றில் எவரும் முதலில் இறக்குவதில்லை. முழங்காலளவு நீர் ஓடும் கால்வாயில் இறக்குவர். அங்கேயும் அவன் தடுமாறுவான், நீரைக் குடிப்பான். ஆனால் உயிருக்கு இடையூறு இல்லை. நேர்முகத் தேர்வுக்கோ கல்லூரிச் சேர்க்கைக்கோ செல்லும் பயணம் வெள்ளம் போன்றது. அங்கே ஒரு பேருந்தைத் தவறவிட்டால் ஓராண்டையே தவறவிட நேரலாம். பொழுது பார்த்து வரும் பயணமோ கால்வாய் போன்றது. ஒரு வண்டியைத் தவறவிட்டால் அரை மணி நேரம் வீணாகும், அவ்வளவே. பிழை செய்வதற்கு இடம் இருக்கும்போதுதான் மனம் அஞ்சாமல் கற்கிறது. இது வகுப்பறைக்கும் பொருந்தும், சாலைக்கும் பொருந்தும்.

மற்றொன்றும் உண்டு. துணையோடு செல்லும்போது முடிவு செய்யும் பொறுப்பு துணைவரிடம் போய்விடுகிறது. எந்த வண்டியில் ஏறுவது, எப்போது உண்பது, எவ்வளவு செலவிடுவது, எப்போது திரும்புவது என்ற நான்கு கேள்விகளுக்கும் நாமே விடை கூற வேண்டிய நிலை தனியே செல்லும்போதுதான் வருகிறது. அவ்விடைகளின் பயனும் நம்மையே சாரும். பொறுப்பு என்னும் சொல்லுக்கு அகராதியில் காணும் பொருளைவிட இதில் காணும் பொருள் தெளிவானது.

இனி, எங்கே செல்வது என்னும் கேள்விக்கு வருவோம். முதல் பயணத்திற்குரிய இடம் மூன்று தன்மைகளை உடையதாக இருக்க வேண்டும். காலையில் சென்று மாலைக்குள் திரும்பத்தக்கதாக இருத்தல் வேண்டும். மக்கள் நடமாட்டம் உள்ள பொது இடமாக இருத்தல் வேண்டும். சென்று காண்பதற்குப் பொருளுள்ள ஒன்று அங்கே இருத்தல் வேண்டும். மத்தூரில் வாழும் மாணவருக்கு ஓர் எடுத்துக்காட்டாகத் தொரப்பள்ளியைக் கூறுவேன்.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி ஒரு சிற்றூர். 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் அங்கேதான் இராஜாஜி பிறந்தார். அவருடைய தந்தையார் அவ்வூரின் முன்சீப்பாக இருந்தவர். ஓசூரில் பள்ளியில் பயின்ற அச்சிறுவர் இளம்பருவத்திலேயே பெங்களூர் சென்று, மத்தியக் கல்லூரியில் கற்று 1894-இல் பட்டம் பெற்றார், பின்னர்ச் சென்னை சென்று சட்டம் பயின்றார், சேலத்தில் வழக்கறிஞரானார், 1948-இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் பதவியை ஏற்றார். இந்திய மக்களுள் அப்பதவியை வகித்தவர் அவர் ஒருவரே. அவர் பிறந்த எளிய இல்லம் இன்று அரசின் நினைவு இல்லமாக விளங்குகிறது. சிற்றூரிலிருந்து புறப்படும் வழி எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதை அவ்வீட்டுத் திண்ணையின் அருகே நின்று எண்ணிப் பார்த்தல் இளைஞர்க்கு நன்று.

மத்தூரிலிருந்து புறப்பட்டால் முதலில் கிருஷ்ணகிரி வரையில் ஒரு வண்டி. சாலையின் இருமருங்கிலும் மாந்தோப்புகளைக் காணலாம். வழியில் உள்ள ஊர்ப்பெயர்களைப் படித்துக்கொண்டே செல்லுங்கள். 'பள்ளி' என்றும் 'அள்ளி' என்றும் முடியும் பெயர்கள் பல வரும். ஊரைக் குறிக்கும் கன்னடச் சொல்லாகிய 'ஹள்ளி' என்பதே நம் நாவில் 'அள்ளி' என வழங்குகிறது. எல்லைப்புறத்தில் மொழிகள் ஒன்றோடொன்று எவ்வாறு கலந்து வாழ்கின்றன என்னும் பாடத்தைச் சாலையோரக் கற்களே உங்களுக்குச் சொல்லும்.

கிருஷ்ணகிரியில் கோட்டை மலை உங்களை வரவேற்கும். அங்கிருந்து ஓசூர் வண்டியில் ஏறி, சூளகிரி வழியாகச் சென்றால் நிலம் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே போவதை உணரலாம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரியைவிட 300 மீட்டருக்கும் மேல் உயர்ந்த இடம். ஆதலால்தான் வண்டியை விட்டு இறங்கியதும் காற்று குளிர்ந்து வீசுகிறது. புவியியல் நூலில் மேட்டுநிலம் என்று மனப்பாடம் செய்தது அப்போது உடலில் படுகிறது.

நீரைப் பற்றியும் ஒன்று கூறுவேன். கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையைக் கடந்து, பிறகு கிருஷ்ணகிரி அணைக்கு வந்து சேர்கிறது. நீங்கள் மேல்நோக்கிப் பயணம் செய்யும் பகுதியிலேதான் அந்த ஆறு கீழ்நோக்கிப் பயணம் செய்கிறது. இதை எண்ணிக்கொண்டு சென்றால் வரைபடத்தில் உள்ள நீலக்கோடு உயிர் பெறும். ஆனால் ஓர் எச்சரிக்கை: அணைகளிலும் ஆற்றிலும் தனியே இறங்கிக் குளிக்க வேண்டாம். ஆளில்லாத மலைகளிலும் தனியே ஏற வேண்டாம். தனிப்பயணம் துணிவைக் கற்பதற்கு. உயிரைப் பணயம் வைப்பதற்கு அன்று.

ஓசூரிலிருந்து தொரப்பள்ளிக்கு எந்த வண்டியில் செல்ல வேண்டும் என்பதை நான் கூறப்போவதில்லை. அதை அங்கே கேட்டு அறிவதுதான் இப்பயணத்தின் பாடம். ஓசூரில் நீங்கள் கேட்கும் கேள்விக்கு விடை தமிழிலும் வரலாம். தெலுங்கிலோ கன்னடத்திலோ உருதுவிலோ வரலாம். கைகாட்டி உணர்த்துவதும் ஒரு மொழியே என்பதை அன்று அறிவீர்கள்.

இனி, புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில.

முதலாவது, வீட்டாரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். எங்கே செல்கிறீர்கள், எவ்வழியாகச் செல்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்ற மூன்றையும் எழுதிக் கொடுங்கள். கணித மேதை இராமானுஜன் 1905-ஆம் ஆண்டில், பதினேழு வயதில், கும்பகோணத்துக் கல்லூரித் தேர்வில் தவறிய மனவேதனையில், எவரிடமும் கூறாமல் விசாகப்பட்டினம் நோக்கிப் புறப்பட்டுவிட்டார். வீட்டார் அவரைக் காணாமல் தவித்து, செய்தித்தாளில் அறிவிக்கும் நிலை ஏற்பட்டது. அவரே 1914-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது, அன்னையின் இசைவைப் பெற்ற பின்னரே சென்றார். சொல்லாமல் போவது ஓட்டம். சொல்லிவிட்டுப் போவதே பயணம்.

இரண்டாவது, போகும் வண்டியை அறிவதற்கு முன் திரும்பும் வண்டியை அறியுங்கள். ஊரில் இறங்கியவுடன், மாலையில் கடைசி வண்டி எப்போது என்று கேட்டுவிடுங்கள். அதற்கு முந்திய வண்டியையே உங்கள் வண்டியாகக் கொள்ளுங்கள்.

மூன்றாவது, பணத்தை ஓரிடத்தில் வைக்காதீர்கள். திரும்புவதற்குரிய கட்டணத்தைத் தனியே மடித்து வேறிடத்தில் வைத்து, அதை மறந்துவிடுங்கள். அடையாள அட்டை உடன் இருக்கட்டும்.

நான்காவது, கைப்பேசியை மட்டும் நம்பி இராதீர்கள். அதிலுள்ள வரைபடம் வழியை நன்றாகக் காட்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் இன்று மாலை வண்டி வரவில்லை என்பதைத் தேநீர்க்கடைக்காரர்தான் அறிவார். மின்கலம் தீர்ந்துவிட்டால் கைப்பேசி வெறும் கண்ணாடித் துண்டு. ஆகவே வீட்டு எண்ணையும் உறவினர் ஒருவரின் எண்ணையும் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அவசர உதவிக்கு 112 என்ற எண்ணும், மகளிர் உதவிக்கு 181 என்ற எண்ணும் நினைவில் இருக்கட்டும்.

ஐந்தாவது, வழி கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். வழி வாயில் இருக்கிறது என்பது நம் முன்னோர் வாக்கு. கேட்கும்போதும் ஒரு முறை உண்டு. கடைக்காரர், நடத்துநர், காவலர் என்று ஓரிடத்தில் நிலையாக இருப்பவரைக் கேளுங்கள். ஒருவரைக் கேட்டதோடு நில்லாமல் இருவரைக் கேளுங்கள். நீங்கள் தனியே வந்திருப்பதைக் கேட்போர்க்கெல்லாம் அறிவிக்க வேண்டியதில்லை. வலிய வந்து உடன் அழைப்பவரிடம் 'வேண்டாம், நன்றி' என்று கூறிவிட்டு மக்கள் இருக்கும் இடத்திற்கு வந்துவிடுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே சில சொற்கள் கூற வேண்டும். நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், நன்றாகப் படித்த மாணவி ஒருத்தி, தொழிற்பயிற்சியில் சேர்வதற்காகக் கிருஷ்ணகிரிக்குச் செல்ல வேண்டிய நாளில் செல்லவில்லை. உடன் செல்வதற்கு அன்று ஆள் இல்லை என்பதே காரணம். ஓராண்டு போயிற்று, அடுத்த ஆண்டு அவளுக்குத் திருமணமும் ஆயிற்று. ஓர் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம் ஒரு பெண்ணின் கல்விக்குக் குறுக்கே நின்றதை எண்ணினால் இன்றும் என் நெஞ்சம் வருந்துகிறது. அவளைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்த நாங்கள், அந்தப் பேருந்துக்கு ஆயத்தம் செய்யவில்லை.

அவளுடைய தங்கை மேல்நிலை வகுப்பை முடித்தபோது, அவர்களுடைய தந்தையாரை அழைத்துப் பேசினேன். ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் பயன்படுத்தும் ஒரு முறையைக் கூறினேன். முதல் நாள் தந்தை வழிகாட்ட, மகள் உடன் சென்றாள். இரண்டாம் முறை மகளே வண்டியைக் கேட்டாள், சீட்டு வாங்கினாள், தந்தையார் பின்னிருக்கையில் வாய் திறவாமல் அமர்ந்திருந்தார். மூன்றாம் முறை அவள் தனியே ஓசூர் வரை சென்று வந்தாள். அன்று மாலை தந்தையார் மத்தூர் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் முன்னரே வந்து காத்திருந்ததையும் நான் அறிவேன். அந்த ஒரு மணி நேரத்தில் அவரும் ஒரு பாடம் கற்றார்.

அவள் தன் குறிப்பேட்டை எனக்குக் காட்டினாள். வண்டி நேரமும் செலவுக் கணக்கும் எழுதியிருந்தாள். கடைசியில், "இன்று பதினொருவரிடம் வழி கேட்டேன். பத்துப்பேர் சரியாகச் சொன்னார்கள். ஒருவர் தவறாகச் சொன்னார். இனி இருவரைக் கேட்பேன்" என்று குறித்திருந்தாள். சற்று முன் நான் கூறிய விதி அவளிடம் கற்றதேயாகும். உலகத்தைப் பற்றி அவள் கண்ட கணக்கும் சரியானதே. பெரும்பாலோர் நல்லவர், எனினும் விழிப்பு வேண்டும். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கற்றவர் ஏமாறுவார், அல்லது வீட்டிலேயே இருந்துவிடுவார்.

பெற்றோர்கள் அச்சம் கொள்வது இயற்கை. அந்த அச்சத்தை நான் இகழவில்லை. ஆனால் மகள் என்றேனும் ஒரு நாள் தனியே செல்லத்தான் போகிறாள். அந்நாள் ஆயத்தத்தோடு வருவது நன்றா, ஆயத்தமின்றி வருவது நன்றா? தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லும் ஏற்பாடு 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கப்பட்டது. கட்டணத் தடை நீங்கினாலும் மனத்தடையை நீக்குவது வீட்டார் கையில்தான் இருக்கிறது.

பயணத்தின் பயன் சென்ற காரியம் கைகூடுவதில் மட்டும் இல்லை என்பதற்கும் ஒரு சான்று உண்டு. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், படிப்பை முடித்த இளைஞராக, விமானப்படைத் தேர்வுக்காக டேராடூன் வரை சென்றார். இருபத்தைவருள் ஒன்பதாம் இடம் பெற்றார், இடங்களோ எட்டு. விமானியாக வேண்டும் என்ற கனவு அங்கே கலைந்தது. மனம் தளர்ந்த நிலையில் ரிஷிகேசம் சென்று சுவாமி சிவானந்தரைக் கண்டு ஆறுதல் பெற்றதை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் கூறியுள்ளார். வழி நடக்கத் தெரிந்தவருக்கு ஒரு கதவு மூடினால் மறுகதவைத் தேடிச் செல்லவும் தெரிகிறது. 1979-இல் ஒரு வாயிலில் திரும்பி வந்த எனக்கும் பள்ளிக்கூடத்தின் வாயில் திறந்தது.

பயணம் முடிந்து வீடு திரும்பியதும் அன்றிரவே ஒரு பக்கம் எழுதுங்கள். என்ன கண்டீர்கள் என்பதோடு, எங்கே தடுமாறினீர்கள், யார் உதவினார், எவ்வளவு செலவாயிற்று என்பதையும் எழுதுங்கள். உலகம் சுற்றிய தமிழர் ஏ. கே. செட்டியார், கடல் கடந்து சென்று, காந்தியடிகளைப் பற்றிய படத் துண்டுகளை நாடு நாடாகத் தேடித் திரட்டி, 1940-இல் ஒரு படத்தை வெளியிட்டார். அவருடைய பயணங்கள் நமக்குப் பயன்பட்டதற்குக் காரணம், அவர் சென்றதோடு நில்லாமல் கண்டவற்றை எழுதி வைத்ததுமாகும். உங்கள் முதல் பக்கம் மத்தூரிலிருந்து ஓசூர் வரையிலான எழுபது, எண்பது கிலோமீட்டரைப் பற்றியதாக இருக்கலாம். அதனால் குறைவு ஒன்றுமில்லை.

மாணவ மணிகளே! வரும் விடுமுறையில் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். வீட்டாரோடு கலந்து பேசுங்கள். காலை வண்டியில் ஏறுங்கள். பலகையின் மேல்வரியோடு கீழ்வரியையும் படியுங்கள். ஐயம் தோன்றிய உடனே வாய் திறந்து கேளுங்கள். என் தந்தையார் என்னிடம் வினவிய அதே கேள்வியை உங்கள் வீட்டாரும் மாலையில் வினவுவார்கள்: "வழியில் யாரையாவது கேட்டாயா?" அப்போது தலை குனியாமல் விடை கூறும் பேறு உங்களுக்குக் கிட்டுவதாக.